பையின் பின்பக்கம்: ஆன்லைனில் நாய், பூனை உணவு வாங்குகிறவர்களுக்கு

போன சித்திரையில் 10 கிலோ நாய் உணவு மூட்டை ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். சேலம் அஸ்தம்பட்டிக் கடையில் விற்கும் விலையைவிட எழுநூறு ரூபாய் குறைவு. பெரிய கம்பெனி, பழகிய பை, பழகிய படம். டெலிவரித் தம்பி மூச்சு வாங்க மாடியேறி வந்து இறக்கி வைத்துவிட்டுப் போனார். பிரித்துத் தட்டில் கொட்டினேன். எங்கள் கருப்பன் மோந்து பார்த்தான், என்னை ஒரு பார்வை பார்த்தான், போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டான். செருப்பைக்கூட ருசி பார்க்காமல் விடாத நாய் அவன்.

போலிச் சரக்கு என்று அப்போதே முடிவு கட்டி, தெருவில் நாலு பேரிடம் சொல்லியும் ஆயிற்று. பிறகுதான் கம்பெனியின் வாடிக்கையாளர் நம்பருக்குப் பேசினேன். பையில் அச்சாகியிருந்த பேட்ச் எண்ணைக் கேட்டார்கள், போட்டோ கேட்டார்கள். மறுநாள் பதில் வந்தது: பை அவர்களுடையதுதான், அசல். காலாவதித் தேதிக்கும் இன்னும் ஏழு வாரம் இருந்தது. அப்படியானால் கோளாறு எங்கே? கையில் எடுத்து நானே மோந்து பார்த்தபோது விளங்கியது. தீபாவளிக்குச் சுட்டுப் பொங்கல் வரை டப்பாவில் மறந்துபோன முறுக்கின் சிக்கு வாடை. மூட்டை எங்கோ ஒரு தகரக் கொட்டகையில் வெயில் காலத்தை ஓட்டியிருக்க வேண்டும்.

அன்றைக்குத்தான் எனக்கு இந்த விஷயம் பிடிபட்டது. "நம்பி வாங்கலாமா?" என்று நாம் கேட்கும் ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இதை அந்தக் கம்பெனிதான் செய்ததா என்பது ஒன்று. செய்த பிறகு கெடாமல் என் வாசல் வரை வந்ததா என்பது இன்னொன்று. எல்லாம் சரியாக இருந்தாலும் என் வீட்டு நாய்க்கு, பூனைக்கு இது ஏற்ற உணவுதானா என்பது மூன்றாவது. பிராண்டின் பேர் முதல் கேள்விக்கே பாதிப் பதில்தான் தரும். இரண்டாவதற்கு அது பதிலே சொல்லாது. எந்தப் பை, எந்தத் தேதியில் செய்தது, யார் கையில் கிடந்தது என்று அந்த ஒற்றைப் பையைத்தான் கேட்க வேண்டும்.

<b>பக்கம் ஒன்று, விற்பவர் பலர்</b>

நம் ஊரில் எந்த டிரை ஃபுட்டையும் "பெடிகிரி" என்றுதான் சொல்வார்கள், ஜெராக்ஸ் மாதிரி. கடையில் அப்படிக் கேட்டால் கடைக்காரர் எதை எடுத்துத் தருகிறாரோ அதுதான் பெடிகிரி. ஆன்லைனில் அந்தக் கடைக்காரர் முகம் தெரியாது என்பதுதான் வித்தியாசம். பெரிய ஷாப்பிங் ஆப்களில் ஒரு பொருளுக்கு ஒரு பக்கம் இருக்கும். அதே பக்கத்தில் ஐந்தாறு விற்பனையாளர்கள் வரிசையில் நிற்பார்கள். விலையை ஒட்டியோ டெலிவரி வேகத்தை ஒட்டியோ ஒருவரை ஆப் முன்னால் நிறுத்தும். போன மாதம் நீங்கள் வாங்கியவரும் இந்த மாதம் வாங்குகிறவரும் ஒருவர்தான் என்று எண்ண வேண்டாம்.

ஆகவே விலைக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் விற்பனையாளர் பெயரைத் தொட்டுப் பாருங்கள். 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி விற்பவரின் பெயர், முகவரி, தொடர்பு விவரம் எல்லாம் அங்கே தெரிய வேண்டும். அந்தப் பெயரில் வேறு என்னென்ன விற்கிறார்கள் என்றும் பாருங்கள். நாய் உணவுக்குப் பக்கத்தில் செல்போன் கவர், குக்கர் கேஸ்கட், பொம்மைத் துப்பாக்கி என்று இருந்தால் எனக்குத் தயக்கம் வரும். தப்பான ஆள் என்று சொல்லவில்லை. எங்கே மலிவாகச் சரக்கு கிடைக்கிறதோ அங்கே வாங்கித் தள்ளுகிறவர், மூட்டையை எப்படி வைத்திருந்தார் என்பதைப் பெரிதாக நினைத்திருக்க மாட்டார். கம்பெனியே நடத்தும் ஸ்டோர், அல்லது செல்லப்பிராணிப் பொருள் மட்டுமே விற்கிறவர் என்றால் கிடங்கில் சரக்கு வேகமாக நகரும். வேகமாக நகரும் சரக்கு புதிதாக இருக்கும், அவ்வளவுதான் தர்க்கம்.

நட்சத்திர மதிப்பீடுகளை நான் அதிகம் நம்புவதில்லை. ஒரு கிலோப் பாக்கெட்டுக்கும் இருபது கிலோ மூட்டைக்கும், ஆறு விற்பனையாளர்களுக்கும் வந்த கருத்துகள் ஒரே குவியலாகத்தான் கிடக்கும். புதிதாக வந்தவற்றை மேலே வரும்படி மாற்றிவைத்துவிட்டு, "தேதி", "வாடை", "வண்டு", "கிழிசல்" போன்ற சொற்களை மட்டும் தேடிப் பார்ப்பது என் வழக்கம். பாதி விலைக்குத் தருகிறேன் என்று சமூக வலைத்தளத்தில் விளம்பரம் செய்து, முன்பணத்தை வாங்கிக்கொண்டு மறையும் பக்கங்கள் வேறு கதை. அது நாய் உணவுப் பிரச்சினை அல்ல, சைபர் மோசடி. உடனே 1930க்குக் கூப்பிட வேண்டியதுதான்.

<b>பையின் மேல் என்ன இருக்க வேண்டும்</b>

முதலில் ஒரு தவறான எண்ணம். பையில் எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் எண் இருக்கிறதா என்று சிலர் தேடுகிறார்கள். அந்த ஆணையம் நாம் சாப்பிடும் உணவுக்கானது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் "உணவு" என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே கால்நடைத் தீவனம் விலக்கப்பட்டிருக்கிறது. நாய், பூனை உணவுக்கென்று இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஐஎஸ் 11968 என்ற தரநிலையை வைத்திருக்கிறது, கடைசியாக 2019இல் திருத்தினார்கள். ஆனால் அதைப் பின்பற்றித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆக, செவ்வாய்ப்பேட்டை மளிகைக் கடையில் சோதனைக்கு ஜவ்வரிசியில் கொஞ்சம் எடுக்க வரும் உணவுப் பாதுகாப்பு அதிகாரி போல யாரோ ஒருவர் நாய் உணவையும் சோதித்துவிட்டுத்தான் விடுகிறார்கள் என்று இருந்துவிடக் கூடாது.

கட்டாயமாக இருப்பது எடையளவுச் சட்டம். பொட்டலப் பொருள்களுக்கான 2011 விதிகளின்படி தயாரித்தவர் அல்லது பொட்டலமிட்டவரின் பெயர், முகவரி, நிகர எடை, தயாரித்த மாதமும் ஆண்டும், அதிகபட்ச சில்லறை விலை, புகாருக்கான தொடர்பு ஆகியவை பையில் இருந்தாக வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு என்றால் எந்த நாடு, இங்கே இறக்குமதி செய்தவர் யார் என்பதும் வேண்டும். இறைச்சி கலந்த உணவைக் கொண்டுவர மத்திய கால்நடைப் பராமரிப்புத் துறையின் இறக்குமதி அனுமதி தேவை, சென்னை மாதிரியான துறைமுகங்களில் கால்நடைத் தனிமைப்படுத்தும் நிலையத்தைத் தாண்டியும் வர வேண்டும். அந்த வழியாக வந்த பையில் இறக்குமதியாளரின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். பை முழுக்க அந்நிய மொழி, இந்திய முகவரி ஒன்றுகூட இல்லை என்றால் அது யாரோ சூட்கேஸ் கணக்கில் கொண்டுவந்த சரக்கு. பொருள் நல்லதாகவே இருக்கலாம். நாளைக்கு ஏதாவது ஆனால் கேட்க ஆள் கிடையாது.

பார்கோடு 890 என்று தொடங்கினால் இந்தியாவில் செய்தது என்று வாட்ஸாப்பில் சுற்றுகிறதே, அது அரைகுறை. அந்தக் கம்பெனி இந்தியாவின் பார்கோடு அமைப்பில் பதிந்திருக்கிறது என்பதை மட்டுமே அந்த மூன்று இலக்கம் சொல்லும். சரக்கு எங்கே தயாரானது என்பதை முகவரியைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

தேதிக்கு வருவோம். பாக்கெட்டில் இருக்கும் விவரங்களை இணையப் பக்கத்திலும் காட்ட வேண்டும் என்று அதே 2011 விதிகளில் பிறகு சேர்த்தார்கள். தயாரித்த மாதத்துக்கும் ஆண்டுக்கும் மட்டும் விலக்கு. நியாயம்தான், ஒரு பக்கத்துக்குப் பின்னால் கிடங்கில் ஐம்பது மூட்டை, ஐம்பதுக்கும் வெவ்வேறு தேதி. காலாவதித் தேதியை விற்பவர் தெரிவிக்க வேண்டும் என்று 2020 விதிகள் கேட்கின்றன, ஆனால் பக்கத்தில் போட்டிருக்கும் தேதி உங்கள் கைக்கு வரும் மூட்டையின் தேதியாகத்தான் இருக்கும் என்று இல்லை. ஆகவே ஆர்டர் போடும்போது தெரியாத ஒரே முக்கியமான விஷயம், பை வந்த பிறகே தெரியும். வந்ததும் முதல் வேலை அதுதான்.

அதைப் படிப்பதிலும் சிக்கல் உண்டு. சில பைகளில் காலாவதித் தேதி இருக்காது, "தயாரித்த நாளிலிருந்து 18 மாதம்" என்று மட்டும் இருக்கும், விரல் விட்டு எண்ண வேண்டும். அமெரிக்கப் பைகளில் மாதம் முன்னால், நாள் பின்னால். 05/08 என்றால் நமக்கு ஆகஸ்ட், அவர்களுக்கு மே. தேதியும் பேட்ச் எண்ணும் பெரும்பாலும் புள்ளி புள்ளியான மை எழுத்தில், அடிப்பக்கத்திலோ பின்பக்கத் தையலுக்கு அருகிலோ இருக்கும். அந்த இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால், மை கரைத்து அழித்த மாதிரி இருந்தால் பிரிக்கவே வேண்டாம். போட்டோ எடுத்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

பேட்ச் எண்ணைப் பையின் ஜாதகம் என்றே சொல்லலாம். எந்த ஆலை, எந்த நாள், சில சமயம் எந்த ஷிஃப்ட் என்பது வரை கம்பெனி அதை வைத்துச் சொல்லிவிடும். சரக்கில் கோளாறு கண்டுபிடித்துத் திரும்பப் பெறும்போதும் பிராண்டை மொத்தமாகத் திரும்பப் பெறுவதில்லை, இன்ன பேட்ச் என்றுதான் அறிவிப்பார்கள். அதனால்தான் லூஸில் விற்பதை நான் தவிர்க்கிறேன். இருபது கிலோ மூட்டையைப் பிரித்து, கிலோ கிலோவாகக் கண்ணாடிக் கவரில் கட்டி, பிராண்டு பெயரை மட்டும் சொல்லி விற்பார்கள். கடையிலும் உண்டு, ஆன்லைனிலும் உண்டு. ஜாதகம் அந்த மூட்டையோடு குப்பைக்குப் போய்விட்டது. உள்ளே இருப்பது அதேதான் என்பதற்கு விற்பவரின் வாய்வார்த்தை மட்டுமே சாட்சி.

பெரிய மூட்டைகளில் தையலையும் பாருங்கள். லீ பஜாரில் அரிசி மூட்டை பிரித்த அனுபவம் உள்ளவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆலைத் தையல் ஒரே சீராக இருக்கும், சரியான முனையைப் பிடித்து இழுத்தால் சர்ரென்று உருவிக்கொண்டு வரும். பழைய ஊசித் துளைகள் ஒரு வரிசை, புதுத் தையல் இன்னொரு வரிசை என்று இருந்தால் யாரோ ஒருமுறை திறந்து மூடியிருக்கிறார்கள். எடை குறைகிறதா என்று தராசில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு: 10 கிலோப் பையில் 150 கிராம் வரை கூடக்குறைய இருக்க விதியிலேயே இடம் உண்டு. அதற்குச் சண்டைக்குப் போக முடியாது.

<b>புரதம் 24 சதம் என்றால்</b>

சேலத்தில் கொலுசு வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "டச் எத்தனை?" வெள்ளி எத்தனை சதம் சுத்தம் என்ற கேள்வி அது. பட்டறைக்காரர் ஒரு எண் சொல்வார். சொன்ன எண் வேறு, உரசிப் பார்த்து வந்த எண் வேறு என்பது வாங்குகிறவருக்கும் தெரியும், விற்பவருக்கும் தெரியும். பையின் பின்பக்கம் கட்டம் கட்டிப் போட்டிருக்கும் புரதம், கொழுப்பு, நார், ஈரம் ஆகியவையும் கம்பெனி சொல்லும் டச்தான். புரதமும் கொழுப்பும் "குறைந்தபட்சம்", நாரும் ஈரமும் "அதிகபட்சம்" என்று இருக்கும்.

அங்கே புரதம் என்று எழுதாமல் கச்சாப் புரதம் என்று ஏன் எழுதுகிறார்கள்? வழக்கமான ஆய்வில் புரதத்தை யாரும் நேராக அளப்பதில்லை. உணவில் உள்ள நைட்ரஜனை அளந்து அதை 6.25ஆல் பெருக்குவார்கள். புரதத்தில் சுமார் 16 சதம் நைட்ரஜன் இருக்கும் என்ற கணக்கில் வந்த எண் அது. நைட்ரஜன் இறைச்சியிலிருந்து வந்ததா, தோல், இறகு, முடியிலிருந்து வந்ததா என்று அந்தக் கணக்குக்குத் தெரியாது. பாலில் யூரியா கலக்கும் தந்திரம் இந்த ஓட்டை வழியாகத்தான் நுழைகிறது. 2007 மார்ச்சில் வட அமெரிக்காவில் நடந்ததும் இதுதான். சீனாவிலிருந்து வந்த கோதுமைப் பசைப்புரதத்தில் மெலமைனைக் கலந்திருந்தார்கள். பிளாஸ்டிக் தட்டு செய்யப் பயன்படும் அந்த மெலமைனின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன், ஆகவே பரிசோதனையில் புரதம் அமோகம். கூடவே சேர்ந்திருந்த சயனூரிக் அமிலத்தோடு அது நாய், பூனைகளின் சிறுநீரகத்தில் படிகமாக உறைந்தது. மெனு ஃபுட்ஸ் என்ற நிறுவனம் மட்டும் சுமார் 6 கோடி டின்களையும் பவுச்களையும் திரும்பப் பெற்றது. பல பிரபல பிராண்டுகளுக்கு அந்த ஒரே நிறுவனம்தான் செய்து கொடுத்துக்கொண்டிருந்தது என்பதும் அப்போதுதான் பலருக்குத் தெரியவந்தது. விலை உயர்ந்த பேர், மலிவான பேர் எல்லாம் ஒரே அடுப்பு.

இன்னொரு கணக்கு, இதில் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். டிரை ஃபுட் பையில் புரதம் 24 சதம், கிரேவிப் பவுச்சில் 8 சதம். பவுச் சத்தில்லாததா? ஈரத்தைக் கழித்துவிட்டுப் பாருங்கள். டிரை ஃபுட்டில் ஈரம் 10 சதம் என்றால் மிச்சமுள்ள 90இல் 24, கிட்டத்தட்ட 27 சதம். பவுச்சில் ஈரம் 82 சதம், மிச்சம் 18இல் 8, அதாவது 44 சதம். பவுச்தான் ஜெயிக்கிறது. ஆனால் அந்த 82 சதத் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள், அது வேறு விஷயம்.

எவ்வளவு இருந்தால் போதும்? அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர்கள் சங்கமான ஆஃப்கோ வகுத்த அளவுகளைத்தான் பல கம்பெனிகள் எடுத்துக்கொள்கின்றன. ஈரம் கழித்த கணக்கில் வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 18 சதப் புரதம், குட்டிக்கு 22.5. வளர்ந்த பூனைக்கு 26, பூனைக்குட்டிக்கு 30. "ஆஃப்கோ அங்கீகாரம் பெற்றது" என்று விளம்பரத்தில் பார்த்தால் சிரித்துக்கொள்ளுங்கள். அந்தச் சங்கம் யாருக்கும் அங்கீகாரம் கொடுப்பதில்லை, அளவு மட்டுமே வகுக்கிறது. பையில் நீங்கள் தேட வேண்டிய வாசகம் முழுமையான, சமச்சீரான உணவு என்பதும், அது எந்த வயதுக்கு என்பதும். இல்லையென்றால் அது தொட்டுக்கொள்ளத்தான், சாப்பாடு அல்ல.

சேர்மானப் பட்டியல் எடை வரிசையில் இருக்கும், ஆனால் அது வேகவைக்கும் முன் எடை. முதலிடத்தில் "கோழி இறைச்சி" என்று இருந்தால் அதில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர். காய்ந்த பிறகு அது மூன்றாம் இடத்துக்கு இறங்கியிருக்கலாம். இரண்டாமிடத்தில் இருக்கும் "கோழித்தூள்" உண்மையில் அதிகப் புரதம் தந்திருக்கலாம். தானியமே இல்லாதது என்று கூடுதல் விலையில் வரும் சில பைகளில் தானியத்துக்குப் பதிலாக என்ன மாவு என்று பார்த்தால், மரவள்ளி! நம் ஆத்தூர்ப் பக்கம் விளைகிற அதே கிழங்கு, ஆங்கிலத்தில் டாபியோகா என்று பையில் ஏறியதும் அதற்கு வந்த மரியாதையைப் பாருங்கள்.

<b>சேலத்து வெயில், ஏற்காட்டு ஈரம்</b>

டிரை ஃபுட் செய்வதை நேரில் பார்க்க வேண்டியதில்லை, முறுக்கு அச்சை நினைத்துக்கொண்டால் போதும். மாவும் இறைச்சித் தூளும் பிசைந்த கலவையை நீராவிச் சூட்டில் அச்சு வழியாகப் பிதுக்கி, துண்டு துண்டாக வெட்டி உலர்த்துவார்கள். அதற்குப் பிறகு, கடைசியில்தான், கொழுப்பையும் ருசிக்கான சாறையும் மேலே தெளிப்பார்கள். நாய் ஓடி வருவது அந்தப் பூச்சின் வாசத்துக்கு. ஆனால் மேல்பூச்சாக இருப்பதால் காற்றும் சூடும் முதலில் தாக்குவதும் அதைத்தான். கொழுப்பு ஆக்சிஜனோடு சேர்ந்து கெடும், கூடவே சில வைட்டமின்களும் போகும். இதைத் தள்ளிப்போடத்தான் வைட்டமின் ஈ சார்ந்த டோகோஃபெரால், செயற்கைப் பொருளான பிஹெச்ஏ போன்றவற்றைச் சேர்க்கிறார்கள். அவை தாமதப்படுத்தும், நிறுத்தாது.

டிரை ஃபுட்டை 27 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வைக்கச் சொல்கிறது அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ. சேலத்தில் ஏப்ரல், மே மாதம் இதைப் படித்தால் கோபம்தான் வரும். வெளியே 39, 40 அடிக்கும்போது பார்சல் வேனுக்குள் எவ்வளவு இருக்கும்? பையில் அச்சடித்த காலாவதித் தேதி குளிர்ச்சியான, உலர்ந்த இடத்தில் வைத்திருந்தால் என்ற நிபந்தனையோடு வந்தது. நிபந்தனை உடைந்தால் தேதியும் செல்லாது. என் மூட்டைக்கு நடந்தது அதுதான். ஆகவே கோடையில் வாங்கும்போது காலாவதிக்கு ஆறு மாதமாவது மிச்சமுள்ள சரக்காகப் பார்ப்பேன். பெரிய தள்ளுபடி என்றால், தேதி நெருங்கியதால் தள்ளுபடியா என்று விற்பவரிடம் கேட்டுவிடுவேன். அதில் குற்றம் ஒன்றும் இல்லை, மூன்று பெரிய நாய் உள்ள வீட்டுக்கு அது லாபம்தான்.

பை அளவும் இதை ஒட்டித்தான். பிரித்த பையை ஆறு வாரத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. 15 கிலோ எடையுள்ள நாட்டு நாய் நாளுக்கு ஏறக்குறைய 240 கிராம் சாப்பிடும் என்றால் 10 கிலோ நாற்பது நாள் வரும், சரி. நாலு கிலோப் பூனைக்கு நாளுக்கு அறுபது கிராம் போதும். ஏற்காட்டில் இருக்கும் எங்கள் அக்கா ஒரே பூனைக்கு ஏழு கிலோ மூட்டை வாங்கினார், கிலோ கணக்கில் மலிவு என்று. கணக்குப் போட்டால் நாலு மாதத்துக்கு வரும்.

அங்கே பிரச்சினை வெயில் அல்ல. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால் ஜூலையிலிருந்து கார்த்திகை வரை மூடுபனியும் சாரலும். துவைத்த துணியே மூன்று நாள் காயாது. வாய் திறந்த பை இரண்டே வாரத்தில் நமத்துப்போயிற்று, மூன்றாம் வாரம் ஓரத்தில் பூஞ்சணம். பூனை தின்னவில்லை. "ஆன்லைன்காரன் ஏமாத்திட்டான்"னு அக்கா எனக்குப் போன் பண்ணினார். இந்த முறை ஏமாற்றியது மலைக்காற்று. இப்போது ஒன்றரைக் கிலோப் பையாக வாங்கி, பையோடு அப்படியே எவர்சில்வர் டப்பாவுக்குள் இறக்கி மூடி வைக்கிறார். பையோடு என்பது முக்கியம். டப்பாவில் நேராகக் கொட்டினால் பழைய கொழுப்பு ஓரத்தில் ஒட்டிப் புதுசையும் கெடுக்கும், பேட்ச் எண்ணும் தொலைந்துபோகும்.

பூஞ்சணம் பிடித்ததை உதறிவிட்டுப் போடலாமா? கூடாது. மக்காச்சோளம், கடலை மாதிரியானவற்றில் வளரும் ஒரு பூஞ்சை அஃப்ளடாக்சின் என்ற விஷத்தை விடும், அது கல்லீரலைத் தாக்கும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்தபோதுதான் இது முதலில் பிடிபட்டது, காரணம் கெட்டுப்போன கடலைப் புண்ணாக்கு. பூஞ்சணம் கண்ட புண்ணாக்கை மாட்டுக்கு வைக்காதே என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னது சும்மா இல்லை. தொல்லை என்னவென்றால் இந்த விஷம் கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கும், ஆலைச் சூட்டிலும் முழுசாக அழியாது. 2020 டிசம்பரில் அமெரிக்காவில் மிட்வெஸ்டர்ன் பெட் ஃபுட்ஸ் நிறுவனத்தின் சில பேட்ச்களில் இது அளவுக்கு மீறி இருந்து, நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள் இறந்ததாக எஃப்டிஏவுக்குத் தகவல் வந்தது. நாய் சோர்ந்து, வாந்தி எடுத்து, ஈறும் கண்ணும் மஞ்சளித்தால் உணவை நிறுத்திவிட்டு அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போங்கள், பையையும் கையோடு கொண்டுபோங்கள்.

இதையெல்லாம் சோதித்துப் பார்க்க இடமில்லையா என்றால், பக்கத்திலேயே இருக்கிறது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் உண்டு, கோழிப் பண்ணைக்காரர்கள் அதை நன்றாக அறிவார்கள். ஆனால் வீட்டுக்கு வந்த ஒரு பைக்காக அங்கே ஓடுவதில் பயன் குறைவு என்பது என் எண்ணம். பூஞ்சை விஷம் மூட்டை முழுக்கச் சமமாகப் பரவியிருக்காது, ஒரு கைப்பிடி தப்பிக்கும், அடுத்த கைப்பிடி மாட்டும். மருத்துவர் சந்தேகப்பட்டால் போகலாம்.

எல்லா வயிற்றுப்போக்குக்கும் பையைக் குற்றம் சொல்லவும் வேண்டாம். நேற்றுவரை ரசம்சாதம் தின்ற நாய்க்கு இன்றைக்குத் தட்டு நிறைய டிரை ஃபுட் கொட்டினால் கழியத்தான் செய்யும். பழையதில் கால் பங்கு புதுசு என்று தொடங்கி ஏழெட்டு நாளில் மாற்ற வேண்டும். போன பையைவிடத் துண்டுகள் கொஞ்சம் கறுத்தோ வெளுத்தோ இருப்பதும் போலிக்கு அடையாளம் அல்ல, பேட்ச்சுக்குப் பேட்ச் நிறம் மாறும். மே மாதம் ஏற்காடு கோடை விழாவில் நாய்க் கண்காட்சி நடக்கும்போது போய் எது நல்ல உணவு என்று கேட்டுப் பாருங்கள், பத்து பேர் பத்து பிராண்டு சொல்வார்கள், பத்து நாயும் பளபளவென்று நிற்கும். ஒன்றில் மட்டும் பேரம் கிடையாது: நாய் உணவைப் பூனைக்குப் போட்டு ஒப்பேற்றாதீர்கள். டாரின் என்ற சத்தைப் பூனையின் உடம்பு போதுமான அளவு தானாகச் செய்துகொள்ளாது, அது உணவில் இல்லாவிட்டால் நாளடைவில் கண்ணும் இதயமும் கெடும்.

<b>கெட்டது வந்துவிட்டால்</b>

பார்சலைப் பிரிக்கும்போதே செல்போனில் வீடியோ எடுத்துவிடுங்கள்: முகவரிச் சீட்டு, தையல், தேதி, பேட்ச் எண், பிறகு உள்ளே. இரண்டு நிமிட வேலை. "செல்லப்பிராணி உணவுக்கு ரிட்டர்ன் கிடையாது" என்று பக்கத்தில் போட்டிருப்பார்கள். மனம் மாறியதற்கு ரிட்டர்ன் இல்லை என்றால் சரி. ஆனால் குறைபாடுள்ள பொருளையோ போலியையோ திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் சொல்ல முடியாது, 2020 விதிகளில் அது தெளிவாக இருக்கிறது. தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரை ஏற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் போவதென்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்பவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கெட்டுப்போன மூட்டையைத் தெருநாய்களுக்குக் கொட்டிப் புண்ணியம் தேடாதீர்கள். அவற்றுக்கும் கல்லீரல் உண்டு, உங்களுக்கும் அந்த மூட்டைதான் ஒரே சாட்சி.

என் மூட்டைக்கு விற்பவர் முதலில் முரண்டு பிடித்தார். பேட்ச் எண்ணையும் கம்பெனி அனுப்பிய பதிலையும் சேர்த்துக் குறைதீர் அலுவலருக்கு எழுதிய பிறகு பன்னிரண்டாம் நாள் பணம் வந்தது, மூட்டையையும் எடுத்துப்போனார்கள். அந்தப் பன்னிரண்டு நாளும் கருப்பனுக்குத் தயிர்சாதமும் அவித்த முட்டையும். இப்போது நல்ல பை வந்து, தேதி பார்த்து, தையல் பார்த்து, மோந்தும் பார்த்துத்தான் போடுகிறேன். ஒரு கரண்டித் தயிர் ஊற்றினால்தான் வாய் வைக்கிறான்.